கையெழுத்துப் போடும் முன்: புகைப்படக் கலைஞர், மாடல், நடிகர் ஆகியோரின் உரிமைகள் கைநழுவும் இடங்கள்

மேக்கப் முடிந்து, விளக்குகள் போடப்பட்டு, எல்லோரும் காத்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான ஒப்பந்தத் தாள்கள் கலைஞரின் கைக்கு வருகின்றன. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, இங்கே ஒரு கையெழுத்து" என்று சொல்லிப் பேனாவையும் நீட்டுவார்கள். படித்துப் பார்க்கிறேன் என்று சொன்னால் படப்பிடிப்பைத் தாமதப்படுத்துபவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சிக் கையெழுத்திட்டவர்கள், ஓராண்டு கழித்துத் தெரியாத ஊர்களின் விளம்பரப் பலகைகளில் தங்கள் முகம் இருப்பதையும், அதற்காக ஒரு ரூபாய்கூடக் கேட்க வழியில்லாமல் போனதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். சட்டம் அவர்களுக்கு ஒன்றுமே தரவில்லை என்பதல்ல காரணம். தந்ததை எந்த இடத்தில் இழக்கிறோம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அடிப்படைச் சட்டங்கள் இரண்டுதான்: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். இரண்டாவது சட்டம் 2012இல் கலைஞர்களுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டது. பதிப்புரிமை, படைப்பு உருவான கணத்திலேயே பிறந்துவிடுகிறது. எந்த அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை.

படம் எடுத்தவருடையதா, பணம் கொடுத்தவருடையதா?

படத்தை எடுத்தவரே அதன் ஆக்கியோர் என்று பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. இதை மட்டும் கேள்விப்பட்டுவிட்டு, நான் எடுத்த படம் என்னுடையதுதானே என்று நம்பியிருக்கும் புகைப்படக் கலைஞர்களே அதிகம். பிரிவு 17 இந்த நம்பிக்கையைப் பெருமளவுக்குப் பறித்துவிடுகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, அவர் தரும் பணத்துக்காக எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு எதுவும் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே. மாதச் சம்பளத்தில் இருப்பவர் வேலையின் பகுதியாக எடுக்கும் படங்களும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே சேரும்.

இதன் விளைவைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். திருமணப் படங்களை உங்கள் விளம்பரத்துக்காக வெளியிடுகிறீர்கள். மணமக்கள் எதிர்த்தால், உங்களிடம் ஒரு வரி எழுத்துகூட இல்லாத பட்சத்தில், சட்டம் அவர்கள் பக்கமே நிற்கும். ஒரு நிறுவனத்துக்காக எடுத்த படத்தை அவர்கள் வேறொருவருக்கு விற்றாலும் நிலைமை இதுதான். இங்கே கையெழுத்தே போடாமல் உரிமை போய்விடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இதைத் தடுக்க வக்கீல் தேவையில்லை. "இப்படங்களின் பதிப்புரிமை புகைப்படக் கலைஞரிடமே இருக்கும், வாடிக்கையாளருக்கு இன்ன பயன்பாட்டுக்கான உரிமம் மட்டும் வழங்கப்படுகிறது" என்ற வாசகத்தை விலைப்பட்டியலிலேயே அச்சிட்டு, படப்பிடிப்புக்கு முன்பே வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பெற்றுவிடுங்கள். வேலை முடிந்தபின் அனுப்பும் பில்லில் இந்த வாசகத்தைச் சேர்ப்பது உடன்பாடு ஆகாது. அது உங்கள் ஆசையாக மட்டுமே கருதப்படும்.

காசு கைமாறாமல், இருவருடைய போர்ட்ஃபோலியோவுக்காகவும் (வாய்ப்புத் தேடும்போது காட்டும் படத் தொகுப்பு) எடுக்கப்படும் படங்களில் கதை வேறு. அங்கே பதிப்புரிமை புகைப்படக் கலைஞருடையது. ஆனால் அதை வைத்துக்கொண்டு மாடலின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துணிக்கடை விளம்பரத்துக்கு அவர் படத்தை விற்க முடியாது. ஒருவருடைய பெயரையும் உருவத்தையும் அவர் சம்மதமின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1994ஆம் ஆண்டின் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தனியுரிமை மீறலாகக் கண்டது.

எழுதாமல் விட்டால் காப்பாற்றும் சட்டம், எழுதிக் கொடுத்தால் காப்பாற்றாது

பதிப்புரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்திலும் உரியவரின் கையெழுத்துடனும் இருந்தால்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் "ஓகே சார்" என்று அனுப்பியதால் உரிமை மாறிவிடாது. எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை ஆகியவற்றை அந்த எழுத்து குறிப்பிட வேண்டும் என்கிறது பிரிவு 19. காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் மட்டுமே. நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டுமே. வேறு ஏற்பாடு எழுதப்படாத நிலையில், வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஒப்பந்தம் எழுதப்பட்ட காலத்தில் இல்லாத ஊடகம் எதுவும், பெயர் சொல்லிச் சேர்க்கப்படாவிட்டால், மாற்றத்தில் அடங்காது. தங்கள் நடிப்பின் மீது நடிகர்களுக்குச் சட்டம் தரும் நிகழ்த்துரிமைக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

ஆகவேதான் நிறுவனங்களின் அச்சடித்த தாள்களில் "உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இப்போதுள்ள மற்றும் இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்" என்ற வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது. சட்டம் தானாகத் தரும் பாதுகாப்புகள் ஒவ்வொன்றையும் தேடித் தேடி அடைப்பதற்காக எழுதப்பட்ட வாசகம் அது. சில இடங்களில் தனி ஒப்பந்தமே இராது. சம்பள வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய இடத்துக்கு மேலே, தொகை எழுதும் கட்டத்தை விடச் சிறிய எழுத்தில், "சகல உரிமைகளையும் இத்தொகைக்கு ஈடாக விட்டுக்கொடுக்கிறேன்" என்று இருக்கும். அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, "இன்ன விளம்பரத்துக்கு, ஓராண்டுக்கு மட்டும்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு அந்தத் தாளைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தொகை நிரப்பப்படாத வவுச்சரில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

மாடல்களுக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு தேவைப்படுகிறது. புகைப்படத்தின் பதிப்புரிமையில் மாடலுக்குப் பங்கில்லை. ஒப்புதல் படிவம் ஒன்றே அவருடைய பிடி. எந்தப் பொருளின் விளம்பரம், எத்தனை மாதம், இணையத்திலா அச்சிலா விளம்பரப் பலகையிலா, காலம் முடிந்தபின் நீட்டிக்க வேண்டுமானால் எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். முகத்தையோ குரலையோ கணினி மூலம் மாற்றிப் புதிதாக உருவாக்குவதற்கும், அத்தகைய மென்பொருளைப் பயிற்றுவிப்பதற்கும் இந்த ஒப்புதல் பொருந்தாது என்று ஒரு வரியை இன்றைக்குக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

நடிகர்களுக்கு விரிக்கப்படும் கண்ணிகள்

நடிகரின் நிகழ்த்துரிமை ஐம்பது ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் தன் நடிப்பைத் திரைப்படத்தில் சேர்க்க எழுத்தில் ஒப்புக்கொண்டவர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்தப் படத்தைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதை எதிர்க்க முடியாது. அந்தப் படத்தின் காட்சியை எடுத்து ஒரு பொருளின் விளம்பரத்தில் ஒட்டுவதற்கும் சேர்த்துத்தான் சம்மதித்தேன் என்று ஆகிவிடாமலிருக்க, "இப்படத்தில் மட்டும்" என்ற இரண்டு சொற்களை எழுதி வாங்குங்கள். டைட்டிலில் பெயர் வராத அளவுக்குத் தற்செயலாக வந்துபோகும் துணை நடிகர்களைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞர்களாகவே கணக்கில் கொள்வதில்லை. தங்கள் நடிப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமை மட்டுமே அவர்களுக்கு மிஞ்சுகிறது. வசனம் பேசும் வேடமாக இருந்தால் பெயர் போடுவதை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குவது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

கலைஞர்களுக்கு வாய்ப்புத் தேடித் தரும் மேனேஜ்மென்ட் நிறுவனங்களின் ஒப்பந்தங்களைக் கண்டு பலர் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் வேறெங்கும் நடிக்கக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27இன்படி செல்லாது. விலகினால் பத்து லட்சம் என்று எழுதியிருந்தாலும், பிரிவு 74இன்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். எழுதிய தொகை அதன் உச்சவரம்புதான். ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறிடத்தில் வேலை செய்வதில்லை என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லும். ஆகவே வேலை வாங்கித் தருவதாக எந்த உறுதியும் தராமல் ஐந்து ஆண்டுகள் கட்டிப்போடும் தாளில் கையெழுத்திட வேண்டாம். ஆறு மாதம் வாய்ப்பு எதுவும் வராவிட்டால் ஒரு கடிதத்தில் விலகலாம் என்ற பிரிவைக் கேளுங்கள். வாய்ப்புத் தருகிறோம், அதற்கு முன் எங்களிடமே பணம் கட்டிப் போர்ட்ஃபோலியோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுடைய தொழில் போர்ட்ஃபோலியோ விற்பதுதான்.

பணம் வராதபோது

அதிகம் பேர் அலைவது இங்கேதான். கணக்குப் பிரிவில் கேட்டால் கிளையன்ட் பணம் வரவில்லை என்பார்கள். பிறகு பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பார்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத சேவையாளருக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை என்பதை அவர்களும் அறிவார்கள்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் கடைக்காரர்களுக்கும் பட்டறைகளுக்கும் மட்டும் உரியது என்று பல புகைப்படக் கலைஞர்கள் நினைக்கிறார்கள். சேவை வழங்குபவரும் அதில் அடங்குவார். மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொண்டு பதிவு செய்துகொண்ட குறு அல்லது சிறு தொழில்முனைவோருக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். தொண்ணூறு நாள் கடன் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது இந்த வரம்பை மீற முடியாது. காலத்தில் கொடுக்காத நிறுவனம், பணத்தைக் கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை அந்தச் செலவைத் தன் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்பதைக் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சலில் நினைவூட்டினாலே நகரும் கோப்புகள் உண்டு.

இந்தப் பயன் கைக்கு எட்டாமல் போகும் இடங்களைக் கவனியுங்கள். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. பதிவின்போது தொழில் வகையாகச் 'சேவை' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டுடியோவில் ஃபிரேமும் ஆல்பமும் விற்பதால் 'வணிகம்' என்று கணினி மையத்தில் யாரோ தட்டிவிட்டால், சான்றிதழ் கையில் இருந்தும் தாமதப் பணத்துக்கான பயன் கிடைக்காது. பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்பவர்களின் பழைய பில்களை ஏற்பதில் நீதிமன்றங்கள் கடுமையாக இருந்திருக்கின்றன. அடுத்த வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

புகாரை இதற்கான மத்திய அரசின் இணையத் தளத்தில் பதிவு செய்தால் அது, நிலுவைப் பணத் தகராறுகளைத் தீர்க்கும் உங்கள் மாநிலத்தின் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். எதிர்த்தரப்பு மும்பையில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. ஆனால் பணி ஆணையும் பில்லும் இல்லாத மனு அங்கே நிற்காது. நம் துறையில் பணி ஆணை என்று யாரும் கொடுப்பதில்லை. ஆகவே தேதி, வேலை, தொகை, பணம் தரும் நாள் நான்கையும் நீங்களே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "உறுதி செய்கிறோம்" என்ற பதிலை வாங்கிய பிறகு கேமராவை எடுங்கள். 90 நாட்களில் தீர்ப்பு என்று சட்டம் சொல்வதை நம்பி வீட்டு வாடகைக்குத் திட்டமிட வேண்டாம். கோப்பு அதைவிட நெடுநாள் கிடக்கக்கூடும். ஆனால் தீர்ப்பு வந்தபின் அதை எதிர்த்துப் போக விரும்பும் நிறுவனம் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும் என்பதால் காத்திருப்பதில் அர்த்தமுண்டு. இந்த வழி அடைபட்டவர்கள் சிவில் வழக்குக்குப் போகலாம். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் கெடு. அடுத்த வாரம் தருகிறோம் என்ற வாய்வார்த்தையால் அந்தக் கெடு நீளாது.

பிடித்தம் செய்ததாகச் சொல்லும் வரி உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பவர்கள் உண்டு.

படம் திருடப்பட்டால்

காவல் நிலையத்தில் இரண்டு பதில்களை எதிர்பார்க்கலாம்: இது சிவில் விவகாரம், அல்லது பதிப்புரிமைப் பதிவுச் சான்றிதழ் எங்கே. இரண்டும் தவறு. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63இன் கீழான மீறல் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று 2022இல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது, பதிவு கட்டாயமில்லை. புகாரை வாங்க மறுத்தால் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்டு நீதித்துறை நடுவரிடம் போகலாம். இருந்தாலும் வருமானம் தரும் முக்கியமான படங்களை 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துவைப்பது அலைச்சலைக் குறைக்கும். படத்தில் ஆள் இருந்தால் அவருடைய ஆட்சேபணையின்மைக் கடிதத்தையும் கேட்பார்கள் என்பதால் படப்பிடிப்பு நாளிலேயே அதை வாங்கிவிடுங்கள். வாடிக்கையாளருக்கு ஜேபெக் மட்டும் கொடுத்து, கேமராவில் பதிவான மூலக் கோப்பான ரா கோப்பை உங்களிடமே வைத்திருங்கள்; யார் எடுத்தது என்ற கேள்விக்கு அதைவிட வலுவான பதில் கிடையாது.

இணையத் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பினால் 36 மணி நேரத்துக்குள் படத்துக்கான அணுகலை நிறுத்த விதி உண்டு. ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அவர்கள் அதைத் திரும்பப் போட்டுவிடலாம். எனவே புகார் அனுப்பும் நாளிலேயே வக்கீலையும் பார்க்க வேண்டும்.

பாலியல் தொல்லையும் குழந்தைகளும்

படப்பிடிப்புத் தளமும் பணியிடமே. ஒருநாள் வேலைக்கு வந்த பெண்ணும், சம்பளமே இல்லாமல் வந்த பெண்ணும், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் புகார் தரலாம். உள்விசாரணைக் குழு இல்லாத சிறு நிறுவனம் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதக் கெடு இருக்கிறது. போதிய காரணம் காட்டினால் குழு அதை மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். படம் வெளியாகட்டும் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்பவர்களை நம்பி அதைக் கடத்திவிட வேண்டாம்.

பதினெட்டு வயது நிறையாதவர் தாமே கையெழுத்திட்ட ஒப்பந்தம் செல்லாது. குழந்தை நட்சத்திரத்தை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், இடைவெளியின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட நடுவரின் (மாவட்ட ஆட்சியர்) அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடப்பட வேண்டும். கோஆர்டினேட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், அனுமதிக் கடிதத்தின் நகலையும் வைப்புத்தொகை ரசீதையும் பெற்றோர் தம் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.