நொறுங்கிய ஸ்போர்ட்ஸ் கார்: பழுது பார்ப்பதா, இழப்பீட்டை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதா?

வாகனச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயராகப் பணியாற்றுவதால், விபத்தில் சிக்கிய ஸ்போர்ட்ஸ் கார்களின் உரிமையாளர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களில் ஒரு சாரார், எவ்வளவு செலவானாலும் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று நிற்பார்கள். இன்னொரு சாரார், காரைத் திரும்பிப் பார்க்கவும் மனமில்லாமல், கிடைக்கும் தொகையை வாங்கிக்கொண்டு காப்பீட்டுக் கோப்பை முடித்துவிடத் துடிப்பார்கள். இரு சாராருமே விபத்து நடந்த ஓரிரு நாட்களுக்குள், காரின் உட்பகுதியை எவரும் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பாகவே முடிவெடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். பழுதா, இழப்பீடா என்ற கேள்விக்கான விடை, கண்ணுக்குத் தெரியும் சேதத்தில் இருப்பது அரிது.

விபத்துக்குப் பின் பட்டறை தரும் முதல் எஸ்டிமேட், காரைச் சுற்றி வந்து வெளியில் தெரிவதைக் குறித்துக்கொண்டு போட்ட கணக்கு. பம்பர், பானெட், விளக்கு, ரேடியேட்டர் என்று அதில் உள்ளவை அனைத்தும் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் பாகங்கள். உண்மையான செலவு அவற்றுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஆகவே காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு காரைப் பிரித்து ஆராயச் சொல்லுங்கள். பிரிக்கும் கூலியை யார் ஏற்பது என்பதையும் அப்போதே எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

பிரிக்கும்போது நான் முதலில் பார்ப்பது மோதிய இடத்தை அல்ல, அதற்கு எதிர்ப்பக்கத்தை. முன்பக்கம் அடிபட்ட கார் ஒன்றில், பின் கதவு முடியும் இடத்தில் மேற்கூரையும் பக்கத் தகடும் சேரும் மூலையில் விரலை ஓட்டிப் பார்த்தால், பெயின்ட்டில் மெல்லிய அலை ஒன்று தட்டுப்படும். அல்லது சஸ்பென்ஷன் டவரின் (சஸ்பென்ஷனின் மேல்முனையைத் தாங்கும் பகுதி) அடியில் பூசப்பட்ட சீலன்ட்டில் மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருக்கும். மோதலின் விசை, காரைத் தாங்கும் கூட்டின் (சேஸிஸ்) வழியாகக் கடைசிவரை பயணித்திருக்கிறது என்பதற்கு அவை சாட்சி. இரு கதவுகளின் இடைவெளிகளும் மேலும் கீழும் ஒன்றுபோல் இல்லாவிட்டாலும் அதே பொருள்தான். அதன்பின் காரை அளவீட்டு மேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் தந்துள்ள புள்ளிகளோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விலகலைத் தொழில்துறை ஏற்பதில்லை. சில தயாரிப்பாளர்களின் வரம்பு அதைவிடக் கடுமையானது. அளவுத்தாள் இல்லாமல் "சேஸிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எவர் சொன்னாலும் அதை நான் ஏற்பதில்லை.

சாதாரண காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் உள்ள பெரிய வேறுபாடு, கூடு எதனால் ஆனது என்பதில் இருக்கிறது. மென்மையான எஃகை இழுத்து நிமிர்த்தலாம். ஆனால் கதவோரத் தூண்களில் இன்று பயன்படும் போரான் கலந்த உயர்வலு எஃகு சுமார் 1,500 மெகாபாஸ்கல் இழுவலிமை கொண்டது. அதைச் சூடாக்கி நிமிர்த்தினால் தோற்றம் திரும்பும், வலிமை திரும்பாது. அடுத்த மோதலில் பயணியைக் காக்க வேண்டிய தூண் அங்கே மடங்கிவிடும். எனவே அத்தகைய பகுதியைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட இணைப்பில் வெட்டி மாற்றுவதே முறை.

அலுமினியக் கூடுகளின் சங்கடம் வேறு வகை. 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ், அலுமினியச் சட்டங்களை எப்பாக்ஸி பசையால் ஒட்டிக் கூட்டை உருவாக்கும் முறையைப் பிரபலமாக்கியது. இன்றும் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பசையும் ரிவெட்டும் சேர்ந்தே கூட்டைத் தாங்குகின்றன. பசை ஒட்டிய இணைப்பு ஒன்று உள்ளுக்குள் விட்டிருந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். அலுமினிய வேலைக்கென்று தனி இடமும் தனிக் கருவிகளும் தேவை, ஏனெனில் எஃகுத் துகள் படிந்தால் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும். எஃகு டிங்கரிங் நடக்கும் மூலையிலேயே உங்கள் அலுமினியக் காரை நிறுத்தி வேலை பார்க்கும் பட்டறை எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேண்டாம்.

கார்பன் ஃபைபர் கூட்டில் சேதம் இன்னும் கள்ளத்தனமானது. அது வளையாது, அடுக்குகள் உள்ளே பிரிந்திருக்கும், மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்கும். அனுபவமுள்ளவர் நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்: நல்ல இடத்தில் கணீரென்றும், அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். அது முதற்கட்டச் சந்தேகத்துக்கு உதவுமே தவிர முடிவுக்குப் போதாது. மீயொலிச் (அல்ட்ராசவுண்ட்) சோதனையே உறுதி தரும். கார்பன் ஃபைபரைப் பழுது பார்க்கவே முடியாது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியல்ல. முடியும். ஆனால் அதைச் செய்யத் தகுதி பெற்றவர்கள் மிகச் சிலரே. லம்போர்கினி போன்ற தயாரிப்பாளர்கள் பயிற்சி பெற்ற நிபுணரைக் கார் இருக்கும் இடத்துக்கே அனுப்பும் ஏற்பாட்டை வைத்திருப்பது அதனால்தான்.

கூட்டைத் தாண்டியும் கணக்கு ஏறும். ஏர்பேக் வெடித்திருந்தால் அதோடு சீட்பெல்ட் பிரிட்டென்ஷனர் (மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் கருவி), சென்சார்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி, பல கார்களில் டேஷ்போர்டு முழுவதும் மாற வேண்டியிருக்கும். கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க்கின் விளிம்பு சில்லு பெயர்ந்திருந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்ய இயலாது. இன்ஜின் நடுவில் அல்லது பின்னால் இருக்கும் கார்களில் ரேடியேட்டர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தில் இருப்பதால், மோதிய பிறகு கூலன்ட் வடிந்த நிலையில் இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். கார் கவிழ்ந்து கிடந்த நிலையில் இன்ஜின் ஓடியிருந்தால் ஆயில் அழுத்தம் விழுந்து பேரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. முதல் எஸ்டிமேட்டில் இவை எதுவும் இருக்காது.

இப்போது கணக்குக்கு வருவோம். விபத்துக்கு முந்தைய நிமிடத்தில் காரின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் எஸ்டிமேட் 52. பிரித்துப் பார்த்தபின் அது 68 ஆகிறது. நொறுங்கிய நிலையிலேயே காரை வாங்க ஒருவர் 35 தர முன்வருகிறார். காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில், பழுதுக்கு 68 செலவழிப்பதைவிட, உங்களுக்கு 100 தந்துவிட்டுக் காரை 35-க்கு விற்று 65-ஓடு முடித்துக்கொள்வது லாபம். ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரங்கள், இருக்கைகள் ஆகியவற்றுக்குத் தனியாகவே தேவை இருப்பதால் சால்வேஜ் விலை, அதாவது நொறுங்கிய நிலையில் கார் பெறும் விலை, உயர்ந்து நிற்கும். பார்ப்பதற்குச் சரிசெய்துவிடலாம் போலத் தோன்றும் ஸ்போர்ட்ஸ் கார் டோட்டல் லாஸாக (முழு இழப்பாக) அறிவிக்கப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம். உரிமையாளர் பலருக்கு இது புரியாமல், தங்களை ஏமாற்றுவதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

உங்கள் பக்கத்துக் கணக்கு வேறு. பழுது பார்த்து வெளிவரும் கார், சந்தையில் 100 மதிப்பு பெறாது. கூடு தொடப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவோர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அந்த விலைக்குறைவு, பழுது எவ்வளவு நேர்த்தியாக நடந்திருந்தாலும் நீங்காது. விபத்துக்கு மற்றவர் காரணமாக இருந்தால், சில நாடுகளின் சட்டம் இந்த மதிப்பிழப்பையும் அவரது காப்பீட்டாளரிடம் கோர இடமளிக்கிறது.

எந்தக் கட்டத்தில் டோட்டல் லாஸ் ஆகும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில், பழுதுச் செலவு பாலிசியில் உள்ள ஐடிவி, அதாவது காப்பீடு செய்யப்பட்ட மதிப்பின் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதப்படும். அமெரிக்காவின் டெக்சாஸில் அந்த வரம்பு காரின் மதிப்பில் 100 சதவீதம். வேறு சில மாநிலங்களில் பழுதுச் செலவையும் சால்வேஜ் விலையையும் கூட்டி, காரின் மதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் 2017 முதல் ஏ, பி, எஸ், என் என்ற நான்கு வகைகள்: முதல் இரண்டும் சாலைக்குத் திரும்பக் கூடாதவை, எஸ் என்பது கூடு சேதமடைந்தது, என் என்பது கூடு சேதமடையாதது. இந்த முத்திரை காரின் வரலாற்றோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், வரம்பை ஒட்டி நிற்கும் கார்களுக்கு ஒன்றிரண்டு பாகங்களின் விலைகூட எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கழற்றி மாட்டும் பாகங்களோடு சேதம் நின்றிருந்து, அளவுத்தாள் சுத்தமாக இருந்தால் தயங்காமல் பழுது பாருங்கள். ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்படும் ஸ்போர்ட்ஸ் காரில் கூடு சேதமடைந்திருந்தால், இழப்பீட்டை வாங்கிக்கொண்டு அதே மாதிரியில் இன்னொன்றைத் தேடுவதே மேல். இதற்கு விதிவிலக்கு, இன்னொன்று கிடைக்காத கார். நடிகர் ரோவன் அட்கின்சனின் மெக்லாரன் எஃப்1 2011-இல் மரத்தில் மோதிச் சிதைந்தபோது, காப்பீட்டு நிறுவனம் சுமார் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு செலவில் அதைப் பழுது பார்க்கச் சம்மதித்தது. வேலை முடிய ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்தத் தொகையிலும் அது டோட்டல் லாஸ் ஆகாததற்குக் காரணம், காரின் மதிப்பு அதைப் பல மடங்கு விஞ்சியிருந்ததே. 2015-இல் அது சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. தயாரிப்பாளரே நேரடியாகச் செய்த பழுது என்பதும், முழு வரலாறும் ஆவணமாக இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. இந்தச் செய்தியைக் காட்டித் தம் காருக்கும் அதே நியாயம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய கார்கள் அந்த ரகம் அல்ல என்பதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இழப்பீடு என்று முடிவானால், முதலில் சொல்லப்படும் தொகையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சந்தை மதிப்பு அடிப்படையிலான பாலிசிகளில், நிறுவனம் ஒப்பிட எடுத்துக்கொண்ட கார்கள் உங்கள் காரின் அதே வேரியன்ட்தானா, ஓடிய கிலோமீட்டர் நெருங்கி வருகிறதா, கார்பன் செராமிக் பிரேக், ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் போன்ற கூடுதல் அம்சங்கள் அவற்றிலும் இருந்தனவா என்று கேளுங்கள். முதலில் கார் வாங்கிய விலைப்பட்டியலும் சர்வீஸ் ரசீதுகளும் இங்கே பேசும். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிய பாலிசியாக இருந்தால் இந்தப் பேரமே தேவையில்லை. கடன் பாக்கி இருந்தால் இழப்பீடு முதலில் வங்கிக்குத்தான் செல்லும். அது பாக்கியை ஈடுகட்டாவிட்டால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும். கோப்பு நிலுவையில் இருக்கும் மாதங்களில் தவணையும் நிற்காது, பட்டறையின் நிறுத்தக் கட்டணமும் நிற்காது.

நொறுங்கிய காரைத் தாங்களே வைத்துக்கொண்டு, அதன் மதிப்பைக் கழித்து மீதித் தொகையை வாங்க விரும்புவோர் உண்டு. மேற்கண்ட கணக்கில் அவர்கள் கைக்கு வருவது 65. பழுதுக்கு ஆவது 68. மேலும் செலவு கூடினால் கேட்க ஆளில்லை. முத்திரை விழுந்த காருக்கு மறுபடி முழுக் காப்பீடு தர நிறுவனங்கள் தயங்கும். பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்கோ பாகங்களுக்காகவோ என்றால் சரி, தினசரி ஓட்டத்துக்கு என்றால் நான் தடுக்கவே முயல்வேன்.

பாலிசியின் சிறிய எழுத்துகளையும் இந்த இடத்தில் படித்துவிட வேண்டும். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றின்போது நேர்ந்த சேதத்தைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. தெரிவிக்காமல் செய்த டர்போ, இசியூ ரீமேப் (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றுவது) போன்ற மாற்றங்களும் கோரிக்கையைக் கவிழ்க்கக்கூடும். இன்றைய கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர் நிலை ஆகியவற்றைப் பதிவு செய்துவைக்கிறது. விபத்து நடந்த விதத்தை எழுதிக் கொடுக்கும்போது, அந்தப் பதிவு உங்கள் வாக்குமூலத்தோடு ஒப்பிடப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பழுது என்று முடிவு செய்தவர்கள், தயாரிப்பாளர் அங்கீகரித்த பட்டறைக்கே காரை அனுப்பட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாள்கள், மாற்றிய பாகங்களின் எண்கள், பசையும் வெல்டிங்கும் செய்த இடங்களின் புகைப்படங்கள், நான்கு சக்கர அலைன்மென்ட் அறிக்கை, கேமரா, ரேடார் ஆகியவற்றை மீண்டும் அளவிட்டுப் பொருத்தியதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பழுது திருப்தி என்று எழுதித் தரும் திருப்திக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன், ஈரச் சாலையிலும் காய்ந்த சாலையிலும் ஓட்டி, நேர்ப்பாதையில் ஸ்டீயரிங் ஒருபுறம் இழுக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் அசைகிறதா, கதவுகளின் ஓரம் தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கையெழுத்திட்ட பிறகு அதே குறையைச் சொல்லிக் கோப்பை மீண்டும் திறக்கவைப்பது பெரும்பாடு.