பயணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: வெளிநாடு போகிறவர்களுக்கான ஊசி, பரிசோதனை விதிகள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. லீவு முடிந்து துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ திரும்புகிறவர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, கொரோனா ஊசி சர்டிபிகேட் இன்னும் வேணுமா?"

இந்தியாவுக்குள் வருவதற்கு வேண்டாம். விமானம் ஏறுமுன் ஏர் சுவிதா என்ற தளத்தில் பயணிகள் உறுதிமொழி நிரப்ப வேண்டியிருந்ததே, அது 2022 நவம்பர் 22 முதல் நின்றுவிட்டது. சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து வழியாக வந்தவர்களுக்கு மட்டும் 2023 ஜனவரி 1 முதல் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையை மறுபடி கட்டாயமாக்கினார்கள். பிப்ரவரி நடுவில் அதையும் எடுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்த நாள் 2023 மே 5.

அதற்காக அந்தக் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே விடுவதற்கு என்ன கேட்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது. சில வேலைகளுக்கும் படிப்புகளுக்கும், குறிப்பாக மருத்துவமனை சார்ந்தவற்றுக்கு, ஊசி போட்ட விவரத்தை இப்போதும் கேட்கிறார்கள். அரசின் கோவின் தளத்திலிருந்து கொரோனா ஊசிச் சான்றிதழை இறக்கி, ஒரு பிரதியை அச்செடுத்து, பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஃபைலிலேயே போட்டு வையுங்கள்.

அந்த மூன்று வருடத்தில் நம் ஆட்கள் பணத்தையும் வேலையையும் இழந்ததற்குப் பெரும்பாலும் நோய் காரணமில்லை. ஒன்று, நாள் கணக்குத் தப்பியிருக்கும். அல்லது பெயர் ஒத்துப்போயிருக்காது. கொரோனா விதிகள் போய்விட்டாலும் இந்த இரண்டு கண்ணிகளும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. 2021 அக்டோபரில் கோவிந்தாபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் துபாய்க்குத் திரும்ப வேண்டும். அன்று அமீரகத்தின் விதி, 48 மணி நேரத்துக்குள் எடுத்த, க்யூஆர் கோடு உள்ள பி.சி.ஆர். முடிவு கையில் இருக்க வேண்டும், அதோடு விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு விமான நிலையத்திலேயே விரைவுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்பது. நெடும்பாசேரியில், அதாவது கொச்சி விமான நிலையத்தில், அந்த வசதி இருந்தது. தம்பி வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் கொடுத்தார். முடிவு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. விமானம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. முடிவு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை என்று நிம்மதியாகப் போனார். கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 48 மணி நேரம் ஓடத் தொடங்குவது சாம்பிள் எடுத்த நிமிடத்திலிருந்து. அவருக்கு 54 மணி நேரம் ஆகியிருந்தது. டிக்கெட் பணம் போனது, வேலைக்குச் சேர வேண்டிய நாளும் தவறியது. அவர் அம்மா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை.

ஆகவே எந்தப் பரிசோதனை என்றாலும் கேட்க வேண்டியவை இரண்டு. மணிக்கணக்கு சாம்பிள் எடுத்த நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா? எதுவரை எண்ணுவது, நம் ஊரில் விமானம் கிளம்பும் வரையா, அங்கே போய் இறங்கும் வரையா? வழியில் விமானம் மாறுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட வித்தியாசம் வரும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்துகொண்டது. நமக்குக் கோவை விமான நிலையம் பக்கம். சிங்கப்பூர், ஷார்ஜா போகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து வருகிறவர்கள் பரிசோதனை முடிவோ இரண்டு டோஸ் சான்றிதழோ காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு சொல்லிவிட்டது. வெளிநாட்டுக்கு ஒரு காகிதம், வாளையாறு அல்லது கோபாலபுரம் சாவடி தாண்ட ஒரு காகிதம் என்று ஆகிப்போனது. எப்போதாவது மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால், டிக்கெட் போடுமுன் எந்த மாநிலத்து விமான நிலையம் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

தெரியாததால் பலர் இழந்த சலுகை ஒன்றையும் சொல்ல வேண்டும். கோவிஷீல்டு இரண்டு டோஸுக்கும் நடுவே 84 நாள் இடைவெளி இருந்த காலத்தில், படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போகிறவர்கள் 28 நாள் கழிந்தாலே இரண்டாவது ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு 2021 ஜூன் 7 அன்று விதியைத் தளர்த்தியது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகிறவர்களுக்கும் அது பொருந்தியது. கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தையோ வேலை ஆணையையோ காட்டினால் போதும். அது காதில் விழாமல் 84 நாளும் காத்திருந்து வேலையை விட்டவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். பொதுவிதி ஒன்று வரும்போதே பயணம் போகிறவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா என்று தாலுகா ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

இனி பெயர். தமிழ்நாட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், கேரளத்தில் பின்னால் வரும். செல்வி என்று ஒருவர் இருக்கிறார், அப்பா பெயர் கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சியில் படித்த சான்றிதழில் அவர் கே. செல்வி. இங்கே எடுத்த ஆதாரில் செல்வி கே. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட விடமாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும், எனவே அங்கே செல்வி கந்தசாமி. ஊசிச் சான்றிதழ் ஆதாரைப் பார்த்து அச்சானது. இது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். லண்டனில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? இதற்காகத்தான் 2021 ஜூனில் கோவின் சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதி வந்தது. பிறந்த தேதியை முழுதாகக் காட்டும் சான்றிதழ் அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில்தான் வந்தது.

பெயர் விஷயம் ஊசியோடு நிற்கவில்லை. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசா, சுற்றுலா விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று அமீரகம் சொன்னது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்ற விளக்கம் சில நாளில் வந்தது. இதில் அதிகம் மாட்டிக்கொள்ளக்கூடியவர்கள் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமே இல்லாத தமிழர்கள்தான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள், பிறகு ஆதாரையும் அதேபோல் கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயாவில் திருத்திக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் நேரத்துக்கு முடியாது.

இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஊசி விதி மஞ்சள் காய்ச்சலுக்கானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோமே, அந்த மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் பல நாடுகளில் இருக்கிற, கொசு பரப்புகிற நோய் இது. இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்புகிற அதே கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் ரப்பர் தோட்டத்துச் சிரட்டையிலும் தாராளமாக இருக்கிறது. நோயோடு ஒருவர் வந்து இறங்கினால் பரவுவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது. அதனால்தான் நம் அரசு இதில் மிகக் கறாராக இருக்கிறது, அதில் எனக்கு முழு உடன்பாடு.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் ஆப்பிரிக்காவுக்குப் போகத் தொடங்கியபின் நம் பக்கத்துப் பையன்களும் அந்த வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது இது. உகாண்டா, கானா, அங்கோலா போன்ற நாடுகள் உள்ளே வரும் எல்லோரிடமும் மஞ்சள் காய்ச்சல் சான்றைக் கேட்கின்றன. போகும்போது கேட்காத நாடாக இருந்தாலும் திரும்பும்போது இந்தியா கேட்கும். நோய் உள்ள நாடு ஒன்றில் இருந்துவிட்டு ஆறு நாளுக்குள் செல்லுபடியாகும் சான்று இல்லாமல் இங்கே இறங்கினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். வழியில் விமானம் மாறினவர்களுக்கும் இது பொருந்தும். விமான நிலையத்தை விட்டு வெளியே போகவே இல்லை என்றால் விலக்கு கிடைக்கலாம், ஆனால் அதைத் தீர்மானிப்பவர் சுகாதார அதிகாரி. அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். பயணத்துக்கு முந்தின வாரம் போட்டால் பயனில்லை. ஒரு மாதம் முன்பே போட்டுவிடுவது நல்லது. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். 2016 ஜூலை 11 முதல் உலகம் முழுக்க அதுதான் விதி, பத்து வருடம் என்று அச்சிட்ட பழைய மஞ்சள் அட்டைக்கும் அது பொருந்தும்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த ஊசி கிடையாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். நமக்குத் தெரிந்தவை கொச்சி வில்லிங்டன் தீவில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகம், சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம். ஊசி போடும் நாளை முன்கூட்டியே கேட்டு, பதிவு செய்துகொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். அட்டையில் பாஸ்போர்ட் எண், மருந்தின் தொகுதி எண், தேதி, மருத்துவர் கையெழுத்து, மையத்தின் முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஊசி இல்லாமலே அட்டை வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜெண்டைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். நோய் வந்தால் அந்த அட்டை காப்பாற்றாது.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், முதல் தடவை போடுகிற அறுபது வயது கடந்தவர்கள் டாக்டரிடம் விவரம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போடுவதில்லை. வேலைக்காகத் தட்டம்மை ஊசியும் தேவைப்படுகிறவர்கள் அதையும் இதையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நடுவில் நான்கு வாரம் விட வேண்டும். இரண்டும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்துகள்.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிற புதுநகரத்து ராவுத்தர் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு ஊசி. ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைக் கிருமிக்கும் சேர்த்துப் போடும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி அது. சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். மருந்தின் வகையைப் பொறுத்து மூன்று அல்லது ஐந்து வருடம் செல்லும். எந்த வகை என்று சான்றிதழில் எழுதி வாங்குங்கள், எழுதாமல் விட்டால் மூன்று வருடமாகவே கணக்கில் எடுப்பார்கள்.

வளைகுடா வேலை விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை தனி. நம் ஆட்கள் இன்னும் காம்கா என்கிறார்கள், இப்போது அதன் பெயர் வாஃபித். அதன் தளத்தில் நேரடியாகவே பதிவு செய்யலாம்.

இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன ஆகும்? ஏறக்குறைய எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டுள்ள சர்வதேச சுகாதார விதிமுறைகள் என்று ஒன்று இருக்கிறது. அதில் 2024இல் செய்த திருத்தங்கள் 2025 செப்டம்பர் 19 அன்று பெரும்பாலான நாடுகளுக்கு நடைமுறைக்கு வந்தன. பெருந்தொற்று அவசரநிலை என்ற தனி அறிவிப்பு அதில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. சுகாதாரச் சான்று காகிதமாகவும் இருக்கலாம், மின்வடிவிலும் இருக்கலாம். அதே விதிமுறைகளின் 40ஆவது பிரிவு, வந்திறங்கும் பயணியைத் தனிமைப்படுத்தி வைப்பதற்கும் அவருக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியேறப் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கொரோனா காலத்தில் பல நாடுகள் பணம் வாங்கின என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள், கேள்வி கேட்க உதவும்.

ஊசி அட்டையை லக்கேஜில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். திரும்பி வந்து இறங்கும்போது சுகாதாரக் கவுண்டர் வருவது பெட்டி வரும் இடத்துக்கு முன்னால்.