மூச்சை இழுப்பதிலா, விடுவதிலா சிக்கல்?

இளைப்பு என்று நுரையீரல் பிரிவுக்கு வரும் முதியவர்களில் பலர், "காற்றை உள்ளே இழுக்கவே முடியலை டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் உணர்வது பொய்யில்லை. ஆனால் பீடி, சிகரெட்டாலோ பல்லாண்டு விறகடுப்புப் புகையாலோ வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறாமல் தங்கிவிடுவதால்தான் அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் போகிறது.

நுரையீரல் தானாக விரியாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மேல்நோக்கிக் குவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழிறங்க, விலா எலும்புகளும் சற்று மேலெழும்போது மார்பறை விரிகிறது; அதனோடு ஒட்டியபடியே நுரையீரலும் விரிய, உள்ளழுத்தம் குறைந்து காற்று நுழைகிறது. ஓய்வாக இருக்கையில் ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மி.லி. காற்று வந்துபோகும். அதை வெளியே விட எந்தத் தசையும் உழைக்க வேண்டியதில்லை. உதரவிதானம் தளர்ந்தாலே, விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கிவிடும்.

இந்த மீள்தன்மையைத்தான் புகை அழிக்கிறது. மூச்சுக்குழல் கிளைத்துக் கிளைத்து மிக நுண்ணிய குழல்களாகும்போது அவற்றின் சுவரில் குருத்தெலும்பு இருப்பதில்லை. சுற்றியுள்ள காற்று நுண்ணறைகளின் சுவர்கள் நாலாபுறமும் இழுத்துப் பிடிப்பதாலேயே அவை திறந்திருக்கின்றன. நுண்ணறைகள் கோடிக்கணக்கில் இருப்பதால் தொடக்க இழப்பு வெளியே தெரியாது. சுவர்கள் பெருமளவு சிதைந்தபின், மூச்சை விடும்போது அந்தக் குழல்கள் மடங்கி அடைபடுகின்றன. முக்கி வெளியே தள்ளினால் மார்பினுள் அழுத்தம் கூடி அவை இன்னும் நசுங்கும். தேங்கிய காற்று உதரவிதானத்தைக் கீழே தள்ளித் தட்டையாக்கிவிட, அதற்கு இறங்க இடமிருக்காது. நோயாளி முழங்காலில் கையூன்றி முன்சாய்ந்து உட்கார்வது, கழுத்து, தோள் தசைகளைக் கொண்டாவது விலா எலும்புகளைத் தூக்குவதற்காகத்தான்.

"எக்ஸ்ரே நார்மல்தானே" என்று திருப்தியடைபவர்கள் அதிகம். தொடக்க நிலையில் எக்ஸ்ரே எதையும் காட்டாமல் போகலாம். "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க" என்று டெக்னீஷியன் விரட்ட, குறைந்தது 6 விநாடி ஊதி, வெளியேறும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைதான் இதைப் பிடிக்கும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்து ஊதச் சொன்ன பிறகும், மொத்தமாக வெளியேறும் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவே முதல் விநாடியில் வருமானால் அடைப்பு இருக்கிறது.

மூச்சு முட்டும்போது மூக்கால் 2 எண்ணும் வரை இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து 4 எண்ணும் வரை மெதுவாக விட்டால், குழல்களுக்குள் அழுத்தம் தங்கி அவை மடங்காமல் காற்று வெளியேறும். இன்ஹேலர் எடுக்கும்போதும் மூச்சை வெளியே விடுவதுதான் முக்கியம். பலர் அவசரத்தில் வாயில் வைத்து அழுத்திவிடுகிறார்கள்; முதலில் மூச்சை நிதானமாக வெளியே விட்டு இடமுண்டாக்கி, பிறகு அழுத்தியபடியே மெதுவாக இழுத்து, முடிந்தால் 10 விநாடி அடக்கினால்தான் மருந்து தொண்டையில் படிந்துவிடாமல் நுண்குழல் வரை இறங்கும்.