ஆர் மதிப்பு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி புள்ளியைப் பாருங்க

பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்துல ஒட்டுறவு, அதாவது ரெண்டு அளவு எவ்வளவு தூரம் சேர்ந்து மாறுதுங்கறதை நடத்தும்போது வருஷா வருஷம் பார்க்கறேன், பசங்க அதை -1-லேருந்து 1 வரைக்கும் ஒரே எண்ணா, ஆர்-ஆ, தர்ற கார்ல் பியர்சன் ஃபார்முலாவுக்கு நேரா போயிடுறாங்க, டேபிள் போட்டு கூட்டிப் பெருக்கி 0.8-ன்னு வந்ததும் "அதிக நேரிடை ஒட்டுறவு"ன்னு எழுதிடுறாங்க, மார்க்கும் விழுந்துடுது. ஒவ்வொரு ஜோடி அளவையும் கிராஃப்ல ஒரு புள்ளியா வைக்கற சிதறல் படம் யாரும் போடறதில்ல. இது எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு.

பிரான்சிஸ் அன்ஸ்கோம்ப்னு ஒரு புள்ளியியலாளர் 1973-ல நாலு டேட்டா கொடுத்தார், ஒவ்வொண்ணுலயும் 11 புள்ளி. சராசரி, பரவல், புள்ளிகளுக்கு நடுவுல பொருந்தற போக்குக் கோடு எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆர் நாலுக்கும் 0.816 பக்கம். வரைஞ்சு பார்த்தா முதலாவது சாதாரண சிதறல், ரெண்டாவது வளைகோடு, மூணாவது நேர்கோட்டுல இருந்து ஒரு புள்ளி மட்டும் விலகி நிக்குது. நாலாவதுல பத்துப் புள்ளி எக்ஸ் 8-லயே செங்குத்தா இருக்கு, 19-ல இருக்கற ஒத்தப் புள்ளியை எடுத்துட்டா ஒட்டுறவே கணக்கிட முடியாது!

சரி, படம் போட்டாச்சு, போதுமா? போதாது. ஒட்டுறவு இருந்தா அதுதான் காரணம்னு அர்த்தமில்லைன்னு எல்லாரும் சொல்லிக் கொடுக்கறோம், ஆனா படத்துல எந்தப் புள்ளி வரலைன்னு கேட்கக் கத்துக் கொடுக்கறதில்ல.

1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் கிளம்பின 73-வது செகண்ட்ல சிதறி 7 பேர் இறந்தாங்க. முந்தின நாள் ராத்திரி பொறியாளர்கள் குளிரைப் பத்தி எச்சரிச்சாங்க, ராக்கெட் இணைப்புல இருக்கற ரப்பர் வளையம் குளிர்ல இறுகிடும்னு. ஆனா பேச்சுல எடுத்துக்கிட்டது முந்தைய விண்கலப் பயணங்கள்ல வளையம் பாதிச்சதை மட்டும்தான். 53 டிகிரி ஃபாரன்ஹீட்லயும் பாதிப்பு, 75-லயும் பாதிப்பு, அப்ப வெப்பநிலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்கற மாதிரி தெரிஞ்சது. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தா கதையே வேற: 66 டிகிரியும் அதுக்கு மேலயும் போன 20-ல 3-க்குத்தான் பாதிப்பு, 63-ம் அதுக்குக் கீழயும் போன நாலுக்கும் பாதிப்பு. விசாரணைக் குழு இதைத்தான் பின்னாடி எடுத்துக் காட்டுச்சு. அதோட 53-க்குக் கீழ ஒரு புள்ளிகூட கிடையாது, கிளம்பினது 36-ல.

இந்த ரெண்டையும் கிராஃப் பேப்பர்ல கையாலயே வரைய வைங்க, சேலஞ்சருக்கு முதல்ல பாதிச்ச பயணங்களை மட்டும் வைக்கச் சொல்லி என்ன தெரியுதுன்னு எழுதி வாங்கிட்டு, அப்புறம் மீதியை வைக்கச் சொல்லுங்க. ஒரு பீரியடு போதும், ஃபார்முலாவை அடுத்த நாள் ஆரம்பிக்கலாம்.