பிஎஸ்டி ஃபைலைத் தூக்கி டிரைவ்ல போடாதீங்க, புண்ணியமா போகும்

இந்த மாசத்துல இது நாலாவது. போன திங்கக்கிழமை காலைல கடை ஷட்டரை இன்னும் முழுசா தூக்கல, போன் அடிக்குது. "அண்ணா, மூணு நாள் மெயில் காணோம்ங்ணா. பையர் லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவல் அனுப்பினது அதுலதான் இருக்கு, டையிங்காரருக்கு இன்னிக்கு எந்த ஷேடுன்னு சொல்லியாகணும், மொதலாளி பத்து மணிக்கு வந்துருவாருங்ணா". பொண்ணு அழாத குறை. அவுட்லுக்கை மூடிட்டு எதையும் தொடாம உக்காரும்மா, வர்றேன்னு சொல்லிட்டு ஷட்டரைத் திரும்ப இறக்கிட்டுக் கிளம்புனேன்.

திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டருங்களை பதினாறு வருஷமா பாத்துட்டு இருக்கேன். மெர்ச்சண்டைசர் வேலையில, அதாவது பையர்கிட்டப் பேசி ஆர்டரைப் பாத்துக்கற வேலையில, இருக்கறவங்களுக்கு ஆபீஸ்ல ஒரு டெஸ்க்டாப், வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு லேப்டாப்புங்கறது தவிர்க்க முடியாதது. பையர் ஐரோப்பாவுல இருக்கான், நமக்கு மத்தியானம் தாண்டுனாத்தான் அங்க ஆபீஸே தெறக்கும், முக்கியமான பதிலெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் வரும். அதனால ரெண்டு மெஷின்லயும் ஒரே மெயில் வேணுங்கறது நியாயமான ஆசைதான். அதுக்குப் பண்ற வேலைதான் எனக்கு ரத்தக்கொதிப்பை ஏத்துது.

இந்தப் பொண்ணு விஷயத்துல நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் தெரிஞ்ச சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அவுட்லுக்கோட பிஎஸ்டி ஃபைலை, அதான் மெயில் மொத்தத்தையும் அடைச்சு வெச்சுருக்கற ஃபைலை, கிளவுட் டிரைவ் ஃபோல்டருக்குள்ள போட்டு, ரெண்டு மெஷின்லயும் அதே ஃபைலைத் தெறக்கற மாதிரி பண்ணிக் குடுத்துருக்கான். நாலு மாசம் ஓடியிருக்குது! அதான் பிரச்சினையே, முதல் நாளே கெட்டுப்போனா யாரும் அப்படி வெக்கமாட்டாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பொண்ணு டெஸ்க்டாப்ல ஸ்கிரீனை லாக் பண்ணிட்டுப் போயிருச்சு, அவுட்லுக்கை மூடல. வெள்ளி உடம்பு சரியில்லன்னு லீவு, அன்னிக்கும் சனி ஞாயிறும் வீட்டுல இருந்து லேப்டாப்லயே வேலை. ஆபீஸ்ல அவுட்லுக் அந்த ஃபைலைப் பிடிச்சு வெச்சுட்டு உக்காந்துருக்கு, லேப்டாப்ல இன்னொரு அவுட்லுக் அதோட இன்னொரு காப்பியில எழுதிட்டு இருக்கு. திங்கக்கிழமை பாத்தா டிரைவ்ல ரெண்டு ஃபைல், ஒண்ணு பழைய பேர்ல, இன்னொண்ணு அதே பேருக்குப் பின்னாடி லேப்டாப் பேரு ஒட்டிக்கிட்டு, 11 ஜிபி. "டூப்ளிகேட் போலன்னு நெனச்சு டெலீட் பண்ணிட்டேங்ணா, டிரைவ்ல எடம் இல்லன்னு காட்டிட்டே இருந்துச்சு".

அந்த டூப்ளிகேட்லதான் மூணு நாள் மெயிலும் இருந்துச்சு. லேப்டாப் ரீசைக்கிள் பின்ல தேடுனேன், அவ்வளவு பெரிய ஃபைல் அதுல அடங்காது, நிரந்தரமா அழிக்கவான்னு கேட்டுருக்கும், இந்தப் பொண்ணு ஆமான்னு அமுத்தியிருக்கும். டிரைவோட ஆன்லைன் பின்லயும் இல்ல, வீட்டு நெட்டுல அது முழுசா மேல ஏறவே இல்ல. சர்வர்லயாவது இருக்கான்னு வெப்மெயிலைத் தெறந்தா அங்க இன்பாக்ஸ் சுத்தமா காலி. ஏன்னா அக்கவுண்ட் பாப்3, அதாவது மெயிலை சர்வர்ல இருந்து மெஷினுக்கு எறக்கிக்கற முறை, லேப்டாப்ல "சர்வர்ல ஒரு காப்பி விட்டு வை"ங்கற டிக் இல்ல. எறக்குனதோட அங்க அழிச்சுருச்சு.

இப்ப எல்லாரும் நம்பிட்டு இருக்கற ஒரு விஷயத்தைச் சொல்லியே தீரணும், வாரத்துக்கு ஒருத்தருக்காவது சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. டிரைவ் ஃபோல்டர்ல போட்டா ரெண்டு மெஷின் மெயிலும் "சேர்ந்துக்கும்"னு நெனைக்கறீங்க பாருங்க, சேராது. சேரவே சேராது. டிரைவுக்கு மெயில்னா என்னன்னே தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது ஃபைல் மட்டும்தான். உங்க பத்தாயிரம் மெயில், காண்டாக்ட், காலண்டர் எல்லாம் அடங்குனது அதுக்கு ஒரே ஒரு மூட்டை. ரெண்டு கணக்கப்புள்ளைங்க இருக்காங்கன்னு வெச்சுக்குங்க, ஒருத்தர் கடையில உக்காந்து பேரேட்டுல 40ம் பக்கம் எழுதறாரு, இன்னொருத்தர் குடோன்ல அதே பேரேட்டோட நகல்ல 40ம் பக்கம் எழுதறாரு. ராத்திரி படிக்கத் தெரியாத ஒரு ஆள் வந்து, எது கடைசியா மூடுன நோட்டோ அதை வெச்சுட்டு மத்ததை ஓரமா போடறான். ரெண்டு 40ம் பக்கத்தையும் சேர்த்து எழுதறதுக்கு அவனுக்கு எழுத்தே தெரியாதுங்க. அவனைத்தான் நீங்க சிங்க்குனு கூப்புடறீங்க.

இதுல இன்னொரு கூத்து, புது மெயிலே வரலன்னாலும் அவுட்லுக்ல சும்மா தெறந்து மூடுனாலே பிஎஸ்டி ஃபைலோட தேதி மாறிரும். அதனால "தேதி புதுசா இருக்கறதை வெச்சுக்கிட்டேன்"னு சொல்றவங்க பாதி நேரம் பழைய மெயில் இருக்கற ஃபைலைத்தான் வெச்சுருப்பாங்க. நெட்வொர்க் ஷேர்ல பிஎஸ்டியை வெச்சு ரெண்டு மெஷின்ல இருந்து தெறக்கறதும் இதே கதிதான், மைக்ரோசாஃப்டே அது வேண்டாம்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்கு, நம்ம ஊர்ல யாரு கேக்கறாங்க.

அவுட்லுக்குக்குப் பதிலா தண்டர்பேர்டுங்கற மெயில் புரோகிராமுக்கு மாறிட்டா சரியாயிருமான்னு ஒரு ஆடிட்டர் கேட்டாரு. ஆகாது சார். அதுல பொதுவா ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு பெரிய ஃபைல், அதுக்குப் பக்கத்துல ஒரு இண்டெக்ஸ் ஃபைல், ரெண்டுல ஒண்ணு மட்டும் டிரைவ்ல முந்திக்கிட்டு வந்தா இன்பாக்ஸ்ல தலையும் வாலும் மாறிக் கெடக்கும்.

சிலருக்கு அவங்களே போடாம தானாவும் போயிருக்கும், அதைக் கவனிங்க. பாப் அக்கவுண்ட்டுக்கு அவுட்லுக் 2010ல இருந்து பிஎஸ்டி டாக்குமெண்ட்ஸுக்குள்ள இருக்கற அவுட்லுக் ஃபைல்ஸ் ஃபோல்டர்லதான் உக்காரும், விண்டோஸ் செட்டப்ல ஒன்டிரைவ் பேக்கப்புக்கு சரின்னு அமுத்தியிருந்தா அந்த டாக்குமெண்ட்ஸே ஒன்டிரைவுக்குள்ள போயிருக்கும். அவுட்லுக்ல ஃபைல் மெனு, அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ்னு போனா உங்க ஃபைல் எங்க இருக்குன்னு காட்டும். ஒன்டிரைவ் மாதிரி கிளவுட் டிரைவ் பேரு அந்தப் பாதையில இருந்தா அவுட்லுக்கை மூடிட்டு, சி டிரைவ்லயோ டி டிரைவ்லயோ தனி ஃபோல்டர் போட்டு அங்க நகர்த்துங்க. அடுத்த தடவை தெறக்கும்போது ஃபைலைக் காணோம்னு கேக்கும், புது எடத்தைக் காட்டுனா போதும்.

சரி, அப்ப என்னதான் பண்றது? ஐமேப். அவ்வளவுதான். மெயில் சர்வர்லயே இருக்கும், ரெண்டு மெஷினும் போனும் அதையே பாக்கும், அனுப்புனதும் அங்கயே சேரும். 1986லயே வந்த சங்கதி இது, புதுசு ஒண்ணும் இல்ல. நம்ம ஆளுங்க பாப்லயே ஒட்டிக்கிட்டு இருக்கறதுக்குக் காரணம் ஹோஸ்டிங்காரன் குடுக்கற 1 ஜிபி மெயில்பாக்ஸ்தான், மூணு மாசத்துல ரொம்பிரும். அந்த எடத்தைக் கொஞ்சம் காசு குடுத்து ஏத்திக்குங்க, ஒரு ஷிப்மென்ட் லேட்டானா போற காசுல இது தூசு.

பாப்ல இருக்கற அக்கவுண்ட்டை அப்படியே ஐமேப்பா மாத்த முடியாது, புதுசா ஒண்ணு சேர்க்கணும், போர்ட் 993. பழைய பாப் அக்கவுண்ட்டை முதல் நாளே தூக்கிராதீங்க, அனுப்பி எடுக்கறதை மட்டும் நிறுத்தி வைங்க. பழைய மெயிலை வருஷம் வருஷமா கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப் போடுங்க. 12 ஜிபியை ஒரே இழுப்புல இழுத்துட்டு "தொங்கிருச்சுங்ணா"ன்னு எனக்குப் போன் பண்ணா நான் எடுக்கமாட்டேன். ஐமேப் போட்டாலும் அவுட்லுக்ல காண்டாக்ட்டும் காலண்டரும் "இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்"னுதான் இருக்கும், அது தானா வராது. லேப்டாப்ல இருக்கற மெயிலை எடம் பத்தலன்னு லோக்கல் பிஎஸ்டிக்கு இழுத்தா சர்வர்ல இருந்தும் போயிரும், டெஸ்க்டாப்ல காணாம போயிருக்கும், அப்புறம் ஆபீஸ் பையனைத் திட்டாதீங்க. ஒரு கம்பெனியில புதுசா வந்த பையன் லேப்டாப்பை "சுத்தம்" பண்றேன்னு ரெண்டு வருஷ மெயிலை அழிச்சான், டெஸ்க்டாப்லயும் மொதலாளி போன்லயும் ஒரே நேரத்துல போச்சு. ஐமேப் பேக்கப் கிடையாதுங்க. வாரம் ஒரு தடவை அவுட்லுக்கை மூடிட்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வைங்க, தேதி போட்டுப் பேரு வைங்க. ஐமேப்புக்கு அவுட்லுக் மெஷின்ல வெச்சுக்கற ஓஎஸ்டி ஃபைலை எடுத்து வெச்சுட்டு பேக்கப்னு சொல்லாதீங்க, அது சர்வர்ல இருக்கறதோட வெறும் நிழல், இன்னொரு மெஷின்ல தெறக்காது. ஐமேப்காரங்க எக்ஸ்போர்ட் போட்டு பிஎஸ்டியா எடுக்கணும்.

பாப்தான் வேணும், மொதலாளி மாத்த விடமாட்டேங்கறாருன்னு சொல்றவங்களுக்கு: டெஸ்க்டாப்தான் மூத்தது. லேப்டாப்ல சர்வர் காப்பி டிக் கட்டாயம் இருக்கணும், அது எப்பவும் எதையும் அழிக்கக்கூடாது. டெஸ்க்டாப்லயும் அதே டிக், அங்க "14 நாள் கழிச்சு அழி"ன்னு இருக்கறதை 60 ஆக்குங்க. லேப்டாப்ல இருந்து அனுப்பற மெயில் டெஸ்க்டாப்புக்கு வராது, அதனால உங்களுக்கே ஒரு பிசிசி போட்டுக்குங்க, பழைய வைத்தியம்தான், வேலை செய்யும்.

பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போறவங்க ஒரே திசையில மட்டும் போங்க, ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு. வீட்டுல இருந்து ஆபீஸுக்குத் திரும்ப மேல போட்டீங்கன்னா நடுவுல ஆபீஸ்ல வந்தது அத்தனையும் காலி. காப்பி பண்றதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல அவுட்லுக் உண்மையிலேயே போயிருச்சான்னு பாருங்க. ஃபைல் 4 ஜிபி தாண்டுனா ஃபேட்32 பென்டிரைவ்ல ஏறாது, "எடம் இருக்கு, ஏன் போகல"ன்னு கேக்காதீங்க, எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணுங்க.

ஏற்கனவே சிக்கிட்டீங்கன்னா, ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் பாத்தா தயவுசெஞ்சு எதையும் அழிக்காதீங்கம்மா. ரெண்டையும் வேற ஃபோல்டருக்குக் காப்பி எடுத்து வெச்சுட்டு அப்புறம் பேசுங்க. கெட்டுப்போன பிஎஸ்டியைச் சரி பண்ற ஸ்கேன்பிஎஸ்டி ஓட்டறதா இருந்தாலும் காப்பி மேல ஓட்டுங்க, அது சரி பண்றேன்னு சில மெயிலைத் தூக்கிப் போட்டுரும்.

அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னா, பத்து மணிக்கு மொதலாளி வந்தாரு. அவரு மெயில் வேற அக்கவுண்ட், எல்லா அப்ரூவலுக்கும் பையர் அவருக்கு சிசி போடுவான், அவரு போன்ல ஒண்ணுகூடத் தெறக்காம கெடந்துச்சு. சனிக்கிழமை வந்த மெயில், மூணு ஷேடுல "பி" ஓகேன்னு. டையிங்காரருக்கு அங்க நின்னே சொல்லிட்டாங்க. மத்த நாப்பது மெயிலுக்கு, பையருங்க கிட்டத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டுட்டு இருக்குது இன்னும்.