நீங்க எத்தனை மாசம் இருப்பீங்க?

முதல் நாள் வந்து உட்கார்ந்த அந்த 14 வயதுப் பெண் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜிப்பைப் பாதி திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் என் வழக்கமான அறிமுகத்தை எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க எத்தனை மாசம் இருப்பீங்க?" என்றாள். எனக்கு முன்னால் மூன்று பேரைப் பார்த்திருக்கிறாள். முதலாமவர் ப்ராஜெக்ட் முடிந்ததும் போனார், அடுத்தவர் வேறு வேலை கிடைத்துப் போனார், மூன்றாமவர் ஏன் வரவில்லை என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. அப்பா வீட்டைவிட்டுப் போனதிலிருந்து தொடங்கும் அதே கதையை மூன்று பேரிடமும் முதலிலிருந்து சொல்லியாகிவிட்டது. நான்காவது முறை சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இளையோருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் பல வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். (யாருடைய அடையாளமும் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) இந்த மாதிரி நிறுவனங்களைப் பற்றிக் கேட்டால் சேவைப் பட்டியலை எடுத்து நீட்டுவார்கள்: மாலை நேரப் படிப்பு, விளையாட்டு, கவுன்சலிங், வேலைப் பயிற்சி, பெற்றோர் கூட்டம். எங்கே போனாலும் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் பட்டியலை ஒரு தடவை பார்த்தால் போதும். அந்தப் பெண் கேட்ட கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று.

இது ஏதோ சென்டிமென்ட் இல்லை. 1955-ல் ஹவாயின் கவாய் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்துவந்தார்கள். வறுமை, வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரில் ஒருவருக்குக் குடி அல்லது மனநோய் என்று பல சிக்கல்கள் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டவற்றில் ஒன்று, விட்டுப்போகாத ஒரு பெரியவர். அம்மா அப்பாதான் என்றில்லை, பாட்டியாக இருக்கலாம், ஒரு ஆசிரியராக இருக்கலாம். எங்களைப் போன்ற நிறுவனங்கள் செய்யப் பார்ப்பது இதைத்தான், அப்படி ஒரு ஆளை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வைப்பது. ஒட்ட வைத்தது என்பதால் சீக்கிரம் பிய்ந்தும் போகிறது.

பிய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 1904-ல் நியூயார்க்கில் ஒரு நீதிமன்ற எழுத்தர் தொடங்கிவைத்த முயற்சிதான் பின்னாளில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்று வளர்ந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது அதன் ஏற்பாடு. 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த ஏற்பாட்டில் வந்தவர்கள் போதைப்பொருள் பக்கம் போகத் தொடங்குவது 46 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த எண்ணை நிறுவனங்கள் துண்டுப் பிரசுரத்தில் பெரிதாகப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், நாங்களும் போட்டிருக்கிறோம். அதே பிள்ளைகளின் தகவலை வைத்து 2002-ல் கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் எழுதியதை யாரும் போடுவதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த இடங்களில்தான் நல்ல பலன் தெரிந்தது, மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தது. அதாவது வந்துவிட்டுப் பாதியில் போனதைவிட, வராமலேயே இருந்திருக்கலாம்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே செய்து பார்த்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வருட நிதியில் ஓடிய ப்ராஜெக்ட் எனக்கு. ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, பிள்ளைகளைச் சேர்த்து முடிக்கவே ஏழு மாதம் ஓடிவிட்டது, மீதி ஐந்து மாதத்தில் கடைசி ஒரு மாதம் ரிப்போர்ட் எழுதப் போனது. கடைசி நாளன்று எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து, கைதட்டி முடித்தோம். ஒரு பையன் மட்டும் சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் கதவு திறந்திருக்குமா?" என்று கேட்டான். திறந்திருக்கும், வேறு ஆட்கள் இருப்பார்கள் என்று சொன்னேன். அவன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ரிப்போர்ட்டில் அவன் "திட்டத்தை முழுமையாக நிறைவு செய்தவர்" என்று இருக்கிறான். நிதி கொடுத்தவர்களைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் ஆறு மாதம் முன்பே தேதி எனக்குத் தெரியும், நான்தான் சொல்லவில்லை. சொன்னால் மனசு ஒடிந்துபோவான் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குத்தான் அந்தப் பேச்சைப் பேச தைரியம் இல்லை.

சரி, பெற்றோர் பக்கம் வருவோம். எங்களுக்கு வருகிற போன்களில் பாதி, "ரெண்டு மூணு தடவை பேசிக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அந்த போனைப் பண்ணுவதற்கு முன்னால் எத்தனை நாள் தயங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மூன்று தடவையில் நடப்பது என்ன? ஒரு பையன், 16 வயது இருக்கும், முதல் மூன்று வாரம் உள்ளேயே வரவில்லை. சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில் என்று அரை மணி நேரம் நிற்பான், போய்விடுவான். அந்த அரை மணி நேரமும் நான் வாசல்படியில் உட்கார்ந்து ஏதாவது ஃபைலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்காவது வாரம் செயின் கழன்றுவிட்டது என்று ஸ்பேனர் கேட்டு உள்ளே வந்தான். செயின் கழன்றதா, கழற்றினானா என்று நான் கேட்கவில்லை. அவன் அப்பா போன் பண்ணி, "ஒரு மாசமா என்னதான் நடக்குது அங்கே?" என்று கேட்டபோது "ஸ்பேனர் கேட்டான்" என்று எப்படிச் சொல்வது! ஆனால் எங்கள் வேலையில் அது பெரிய முன்னேற்றம்.

அந்த அப்பாவையும் வரச் சொன்னேன். பெற்றோருக்கு இது பிடிக்காது: பிரச்சினை பையனிடம், என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? பையன் எங்களிடம் இருப்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். மீதி 166 மணி நேரத்தை நான் எங்கிருந்து எட்டிப் பிடிப்பது? வந்தபோதுதான் தெரிந்தது, அவர் இரவு ஷிப்ட் பார்க்கிறார், மகன் விழித்திருக்கும் நேரம் முழுக்க அவர் தூங்குகிறார், வீட்டில் எல்லோரும் அவரை எழுப்பாமல் இருக்கக் கிசுகிசுவென்று பேசிப் பழகியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு முதலில் நாங்கள் செய்த "கவுன்சலிங்" என்னவென்றால், ஷிப்ட் மாற்றக் கேட்டு ஒரு கடிதம் எழுத உதவியது. இப்படிக் கடிதம் எழுதுவது, படிவம் நிரப்புவது, பள்ளிக்கூடத்தில் பேசும்போது கூட உட்காருவது, ஆஸ்பத்திரி வரிசையில் துணைக்கு நிற்பது, இதெல்லாம்தான் எங்கள் வேலையின் பெரும்பகுதி. போட்டோவுக்கு லாயக்கில்லாத வேலை.

அடுத்து வருகிற சண்டை ரகசியம் பற்றியது. "என் பிள்ளை உங்ககிட்ட என்ன சொன்னாள், எனக்குத் தெரியணும்." நான் முதல் நாளே பிள்ளையையும் பெற்றோரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன்: தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து, மற்றவரைக் காயப்படுத்தும் ஆபத்து, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவது, இந்த மூன்றும் என்றால் ரகசியம் இல்லை, யாரிடம் சொல்லணுமோ சொல்லுவேன், சொல்லப்போகிறேன் என்பதைப் பிள்ளையிடமும் சொல்லிவிடுவேன். மற்றதெல்லாம் எனக்குள் இருக்கும். 1989-ல் ஐநா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்டு அதற்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளை கேட்டதெல்லாம் நடக்கும் என்று அர்த்தம் இல்லை, கேட்காமல் முடிவு எடுக்காதே என்று அர்த்தம். அப்புறம் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று பிள்ளையிடம் நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி விதைக்காது. சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள், ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கோ அவசர உதவி எண்ணுக்கோ போங்கள், எங்கள் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நல்லது செய்கிறோம் என்ற எண்ணம் மட்டும் போதாது என்று நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு கதை சொல்வேன், கதை இல்லை, நடந்தது. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939-ல் ஒரு திட்டம் தொடங்கியது. 506 பையன்களைச் சோடி சேர்த்து, ஒவ்வொரு சோடியிலும் ஒருவனுக்கு மட்டும் வீட்டுக்கே போய் உதவி, படிப்புக்கு ஆள், மருத்துவம், கோடை முகாம் எல்லாம் சில வருடம் கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் "நல்லா உதவியா இருந்தது" என்றார்கள். ஆனால் குடி, மனநோய், இள வயது மரணம் என்று எண்ணிப் பார்த்தால் உதவி பெற்ற பக்கம்தான் மோசமாக இருந்தது. ஏன் என்று பின்னால் தோண்டியதில், கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் கெடுதல் அதிகம் என்று தெரியவந்தது. சேட்டை செய்கிற பையன்களை ஒன்றாகப் போட்டுவைத்தால் ஒருவனுக்கு ஒருவன் வாத்தியார் ஆகிவிடுகிறான்.

அதனால்தான் "பிரச்சினைப் பிள்ளைகளுக்கான தனி வகுப்பு" என்று எங்கேயாவது போர்டு பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பயமுறுத்தித் திருத்துகிற ஏற்பாடுகளும் அப்படித்தான். சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டுகிற திட்டம் அமெரிக்காவில் 1970-களில் பிரபலமானது, அப்புறம் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அப்படிப் போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் மாட்டியிருக்கிறார்கள். இன்னமும் யாராவது ஒரு பெற்றோர் வந்து, "ஒரு தடவை போலீஸைக் கூப்பிட்டு மிரட்டச் சொல்லுங்களேன்" என்று கேட்காத மாதம் இல்லை.

சேர்ப்பதற்கு முன்னால் என்ன கேட்பது? பிள்ளையோடு இருக்கப்போவது யார், அவர் எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறார், அவர் போனால் பிள்ளையிடம் யார், எப்போது சொல்வார்கள். ஊழியர்கள், வாலண்டியர்கள் பின்னணியைச் சரிபார்த்துத்தான் எடுக்கிறார்களா, பிள்ளைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா, இருந்தால் காட்டச் சொல்லுங்கள். தனியாகப் பேசுகிற அறைக்குக் கண்ணாடிக் கதவா, வெளியே இருந்து பார்க்க முடிகிறதா என்று நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள். புகார் என்றால் யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். "இங்கே அப்படியெல்லாம் நடக்காது" என்று பதில் வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். நல்ல இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். போட்டோ விஷயத்திலும் கறாராக இருங்கள். இலவச சேவை என்பதால் பிள்ளையின் முகம் விளம்பரத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

வாலண்டியராக வர ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மூன்று சனிக்கிழமை மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் பிள்ளைகளிடம் வராதீர்கள். கணக்கு எழுத, கம்ப்யூட்டர் சரிசெய்ய, அலமாரி அடுக்க, விண்ணப்பம் டைப் பண்ண எங்களுக்கு ஆள் தேவைதான், அதற்கு வாருங்கள். பிள்ளையோடு உட்கார ஆசை என்றால் ஒரு வருடம் என்று மனதில் முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்றால், "அடுத்த வருஷம் இதே மாசம் வரைக்கும் கண்டிப்பா இருப்பேன், அதுக்கு மேல தெரியாது, தெரிஞ்ச அன்னைக்கே உனக்குச் சொல்றேன்." பையிலிருந்து நோட்டை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டாள். பதினைந்து மாதம் கழித்து எனக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்தது. எட்டு வாரம் முன்னால் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், இரண்டு வாரம் வரவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை, வழக்கமான நாளில் வழக்கமான நேரத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் வந்து, பையை மடியில் வைத்து, ஜிப்பைத் திறந்து மூடி, என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்: "உங்களுக்குப் பதிலா வர்ற அக்கா வியாழக்கிழமைதானே வருவாங்க? இல்ல, நாளை மாத்திடுவாங்களா?"

அடுத்த வியாழக்கிழமை புது ஆளையும் வரச் சொல்லி, மீதி இருந்த ஐந்து வாரமும் மூன்று பேராக உட்கார்ந்தோம்.