‘பாடி செட் ஆயிடுச்சு’ என்று சொல்லும் மாஸ்டர்களுக்கும், அதை நம்பி ஓடும் பெண்களுக்கும்

ராணுவத் தேர்வுக்காக ஓடி, வலியோடு என்னிடம் வந்த பெண்கள், போன மாதம் வந்தவளோடு சேர்த்து இந்த வருடம் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே கதை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு 19 வயது. ராணுவக் காவல் பிரிவில் அக்னிவீர், அதாவது நான்கு வருடச் சிப்பாய், ஆக வேண்டும் என்று ஒரு மாஸ்டரிடம் (கிரவுண்டில் ஃபீஸ் வாங்கிப் பயிற்சி தருபவர்) ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா ரிட்டயர்டு ஹவில்தார். எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு ராணுவக் குடும்பம் இருக்கும், ஆச்சரியமில்லை. எக்ஸ்ரே கவரை மேஜைமேல் வைத்துவிட்டு அவர்தான் பேசினார்.

“எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க மேடம். தொடை இடுக்குல சின்ன வலிதான். ஒரு கரன்ட் வெச்சு விட்டீங்கன்னா திங்கக்கிழமை கிரவுண்டுக்குப் போயிடுவா.”

நான் பிசியோதெரபிஸ்ட். கரன்ட் வைப்பது என் பிழைப்பு. ஆனால் அவளைப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, காலை மெதுவாக உள்பக்கம் திருப்பியபோது கட்டில் விளிம்பைப் பிடித்த பிடியில் அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிற்று. கரன்ட் வைக்கவில்லை. தெரிந்த எலும்பு டாக்டரிடம் போனில் பேசி, அன்றைக்கே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினேன். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல். இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் அந்த விரிசல் குறுக்கே ஓடி எலும்பு விலகியிருக்கலாம். அப்புறம் ஸ்க்ரூ, ஆபரேஷன். அதற்குப் பிறகும் இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகிற ஆபத்து உண்டு. இதெல்லாம் 19 வயதில்.

ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தபோது, “கடைசியா பீரியட்ஸ் எப்பம்மா வந்துச்சு?” என்று கேட்டேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார், பிறகு எழுந்து வெளியே போனார். அவள் விரல்விட்டு எண்ணினாள். தீபாவளிக்கு முன்னால் வந்தது. ஏழு மாதம்.

“மாஸ்டர்கிட்ட ஒரு அக்கா கேட்டாங்க மேடம். பாடி செட் ஆயிடுச்சுன்னா நின்னுடும், அதான் நல்லதுன்னு சொன்னாரு.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கட்டுரையே.

மாதவிடாய் நிற்பது உடம்பு இறுகியதற்கு அடையாளம் இல்லை. பயிற்சி ஏறியதற்கு அடையாளம் இல்லை. ‘ஆம்பளை மாதிரி ஸ்டாமினா’ வந்ததற்கும் அடையாளம் இல்லை. நீங்கள் செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்லும் புகார் அது. வரவு குறைந்த வீட்டில் முதலில் எதை நிறுத்துவார்கள்? இப்போதைக்கு அவசரமில்லாததை. மூளையும் அதையேதான் செய்கிறது. இவள் ஓடுகிறாள், சாப்பாடு போதவில்லை, இந்த நிலைமையில் கருப்பைக்கு வேலை வேண்டாம் என்று முடிவெடுத்து, சினைப்பைக்குப் போகிற உத்தரவை நிறுத்திவிடுகிறது. சினைப்பை தூங்கினால் ஈஸ்ட்ரோஜன் குறையும். ஈஸ்ட்ரோஜன்தான் எலும்புக்குக் காவல். மாதவிடாய் நின்ற 50 வயது அம்மாவுக்கு ஏன் எலும்பு தேய்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதே காரணம்தான் 19 வயது மகளுக்கும். இது மட்டும் ஏன் யாருக்கும் புரிய மாட்டேன் என்கிறது?

இதில் இன்னொரு கொடுமை உண்டு. வாழ்நாள் முழுக்க நமக்கு வேண்டிய எலும்பில் பெரும்பகுதி 20 வயதையொட்டிச் சேர்ந்து முடிந்துவிடுகிறது. அதாவது கஜானாவை நிரப்ப வேண்டிய வயதில் கஜானாவிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறோம். பிறகு சாப்பிட்டு முழுவதையும் ஈடுகட்டிவிடலாம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லையென்றால் மகப்பேறு டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் இருக்கலாம். கர்ப்பமா என்றும் பார்ப்பார்கள், அதற்காகக் கோபப்படாதீர்கள். எதுவும் இல்லையென்றால் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்து ‘வரவைத்துவிட்டால்’ சரியாகிவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம். மாத்திரையால் வருவது மாத்திரையின் ரத்தப்போக்கு. உள்ளே பட்டினி அப்படியேதான் இருக்கும்.

சரி, என்ன சாப்பிட்டாள் அவள்? மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். காலை நாலரைக்கு எழுந்து பால் இல்லாத டீ. ஐந்திலிருந்து ஆறரை வரை ஓட்டம். ஒன்பது மணிக்கு இரண்டு இட்லி. மதியம் ‘சோறு வெயிட் போடும்’ என்று ஒரு கிண்ணம். மாலை மறுபடி கிரவுண்டு. ராத்திரி இரண்டு சப்பாத்தி. வீட்டில் வேலையே செய்யாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கே இது பற்றாது. பக்கத்தில் ஓடுகிற அண்ணன் எட்டு இட்லியும் இரண்டு முட்டையும் சாப்பிடுகிறான், அதை யாரும் கேட்பதில்லை.

அவள் ஷூவையும் பார்த்தேன். அந்த அண்ணனுடைய பழைய ஷூ. முன்னால் தினத்தாள் கசக்கி அடைத்திருந்தது. ஒரு பக்க அடி தேய்ந்து துணி தெரிந்தது. ஓடியது நான்குவழிச் சாலையின் சர்வீஸ் ரோட்டில்.

எலும்பு ஒரே நாளில் முறிவதில்லை. பாரம் ஏறும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் பழைய பூச்சை உதிர்த்த பிறகுதான் புதுப் பூச்சு. உதிர்த்து முடித்து இன்னும் பூசாத மூன்றாவது, நான்காவது வாரம்தான் ஆபத்தானது. ஆள்சேர்ப்பு நோட்டிஃபிகேஷன் வந்ததும், அதுவரை சும்மா இருந்த பெண் தினமும் ஆறேழு கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தால், சரியாக அந்த வாரத்தில்தான் என்னிடம் வருகிறாள். 1855-இல் பிரெய்ட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ டாக்டர், மார்ச் செய்து பாதம் வீங்கிய சிப்பாய்களைப் பற்றி எழுதிவைத்தார். அப்போது எக்ஸ்ரேயே கிடையாது. 170 வருடமாகத் தெரிந்த நோய் இது, நம் கிரவுண்டுகளுக்கு மட்டும் இன்னும் சேதி வந்து சேரவில்லை.

எக்ஸ்ரே விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வாரம் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்றால் எலும்பு நார்மல் என்று அர்த்தமில்லை. ‘ஷின் பெயின்’ என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதில் ஒரு சின்ன வித்தியாசம் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்எலும்பின் உள்ஓரத்தை ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு மந்தமாக வலித்தால் ஓய்வு, ஐஸ், ஓட்டத்தைக் குறைப்பது போதும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தால், ராத்திரி படுத்தாலும் வலித்தால், ஓடுவதை அன்றே நிறுத்துங்கள். தொடை இடுக்கில் வலி என்றால் சோதித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். ஒற்றைக் காலில் குதித்துப் பார் என்று எந்த மாஸ்டர் சொன்னாலும் குதிக்காதீர்கள். நேராக டாக்டர்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? டைக்ளோ போட்டால் எலும்புக்கு விரிசல் தெரியாமல் போய்விடாது. உங்களுக்குத்தான் தெரியாமல் போகும். வெயிலில், தண்ணீர் குடிக்காமல், வலி மாத்திரையோடு ஓடினால் கிட்னிக்கும் கேடு.

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது. பெண்கள் கிரவுண்டுக்கு வரும் முன் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று மாஸ்டர்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. கிரவுண்டில் கழிப்பறை கிடையாது, அவ்வளவுதான். இதற்கு அந்தப் பெண்களைத் திட்டிப் பயனில்லை. மாஸ்டர்களே, பெண்களிடமும் ஃபீஸ் வாங்குகிறீர்கள் அல்லவா? பக்கத்துப் பள்ளியிலோ பெட்ரோல் பங்கிலோ பேசி ஒரு கழிப்பறைச் சாவி வாங்கிக்கொடுங்கள். அது புது ஷூவைவிட முக்கியம்.

வீட்டில் சிலர் என்னிடம், “அதுக்குத்தான் மேடம் பொம்பளைப் புள்ளைக்கு இதெல்லாம் வேணாங்கிறது” என்பார்கள். என் கட்டுரையை அதற்குச் சாட்சியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவம், நர்சிங் தவிர்த்த பிரிவுகளிலும் 1992-லிருந்து பெண்கள் ராணுவ அதிகாரிகளாகச் சேருகிறார்கள். சி.ஆர்.பி.எஃப்.பில் பெண்களுக்கென்றே பட்டாலியன் 1986-லேயே வந்துவிட்டது. 2016-இல் போர் விமானம் ஓட்ட மூன்று பெண்கள் வந்தார்கள். ராணுவக் காவல் பிரிவுக்குச் சிப்பாயாகவே பெண்களை எடுக்க 2019-இல் அறிவித்து, 2021-இல் பெங்களூரில் முதல் அணி பயிற்சி முடித்தது. 2023-இல் நம் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து ஐந்து பெண் அதிகாரிகள் பீரங்கிப் படைக்குப் போனார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் திறக்கவில்லை, அது வேறு விவாதம். திறந்திருக்கிற கதவு வழியாகவே நம் பெண்கள் நொண்டிக்கொண்டு போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

உடம்பு வேறு என்பதை ஒப்புக்கொண்டால் வேலை சுலபம். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் விமானப்படை உதாரணம். உயரம் குறைந்த பெண் பயிற்சியாளர்களை ஆண்களுக்குச் சமமாக 30 அங்குல எட்டு (காலடி) வைத்து மார்ச் செய்யச் சொன்னார்கள். இடுப்பு எலும்பில் விரிசல் விழுந்தது. வழக்குப் போட்ட மூன்று பெண்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் பவுண்டு இழப்பீடு கிடைத்ததாக 2013-இல் செய்தி வந்தது. எட்டைக் கொஞ்சம் குறைத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம்! உங்கள் கிரவுண்டில் உயரமான பையன்களோடு வரிசையில் ஓடும்போது எட்டை நீட்டாதீர்கள். வேகம் வேண்டுமென்றால் காலடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

பயிற்சி தொடங்கும் முன் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையாவது செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. ஹீமோகுளோபின் 9 வைத்துக்கொண்டு, தேர்வில் கேட்கிற 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் ஓட முயன்று, “எனக்கு ஸ்டாமினா இல்ல” என்று அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டாமினா இல்லாமல் இல்லை, ரத்தம் இல்லை. முடிந்தால் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது) வைட்டமின் டி-யும் சேர்த்துப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், எலுமிச்சைச் சாறோடு விழுங்குங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

சுண்ணாம்புச் சத்து பற்றி: அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்கு இந்த விரிசல் 20 விழுக்காடு குறைந்தது. நமக்கு மாத்திரைக்கு முன்னால் கேழ்வரகுக் கூழும், தலையோடு வறுத்த நெத்திலியும், மோரும் இருக்கின்றன.

ஓட்டத்தை வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். நான்கு மாதமாவது கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு, நான்காவது வாரம் பாதி ஓட்டம். மண் தரை. உங்கள் அளவு ஷூ. நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. இதைச் சொல்ல மாஸ்டருக்குக் கூச்சமாக இருந்தால் ஒரு பழைய மாணவியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், முடித்த அரை மணியில் வயிறார டிபன். உடல்தகுதித் தேர்வு நாளன்று பீரியட்ஸ் வந்துவிடும் என்று பயந்து மெடிக்கல் ஷாப்பில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்குகிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் அதை விழுங்காதீர்கள், சிலருக்கு ரத்தக்கட்டி வரைக்கும் போகும். பீரியட்ஸோடு ஓடித் தேர்வானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன், வலியை மறைக்காதீர்கள். சொன்னால் கிரவுண்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள், அப்பா கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார் என்று பயம். தெரியும். ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்தினால் ஆறுகிற விரிசலை மறைத்துவைத்து ஆறு மாதமாக்கிக்கொண்டு வருகிறீர்கள். அந்தப் பெண் இப்போது ஊன்றுகோலோடு இருக்கிறாள். வயதுவரம்புக்குள் இன்னும் ஒரு வாய்ப்பு மீதி இருக்கிறது. தினமும் சாப்பிட்டதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறாள். நேற்று ஐந்து இட்லி.

யாராவது என்னிடம் வருவதாக இருந்தால் எக்ஸ்ரே கவரோடு, கடைசி ஆறு மாத பீரியட்ஸ் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அப்பாவை வெளியே உட்காரச் சொல்வதை நான் பார்த்துக்கொள்கிறேன்.